பன்னிரண்டாவது எருமை

மழை பிடித்துக்கொண்டபோது துங்மென் சந்தையில் ஒரே ஒரு கிழங்குக் கடைக்குத்தான் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதன் கீழே பதினோரு பேர் ஒண்டியிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆளாக லான்பிங் நுழைந்தாள். கூந்தலில் ஒட்டியிருந்த துளிகளைக்கூட அவள் துடைக்கவில்லை. குனிந்து, குவியலில் இருந்த சேப்பங்கிழங்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

நீளமானது... வேண்டாம். ஒரு பக்கம் சூம்பியது... வேண்டாம். அதோ, அடியில் ஒன்று. தேங்காயை விடச் சற்றுப் பெரியது. தோள் இருக்கும் இடத்தில் ஒரு திமில் போன்ற மேடு, அதன் பின்னே வளைந்து இறங்கும் முதுகு. அவள் கையை நீட்டினாள். அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்து அதே கிழங்கின் மறுபாதியைப் பற்றியது.

"விடுங்க," என்றாள் நிமிராமலே.

"நீங்க விடுங்க. நான்தான் முதல்ல தொட்டேன்."

"நான் முதல்ல பார்த்தேன்."

"பார்த்ததெல்லாம் சொந்தம்னா இந்தச் சந்தையே என்னுதுங்க."

அவள் நிமிர்ந்தாள். நெற்றியில் ஈர முடி. மழைக்குச் சுருங்கியிருந்த கண்கள்... இல்லை, மழைக்கு இல்லை, சிரிப்புக்குத்தான் சுருங்கியிருந்தன. வாய் சிரிக்கவில்லை. கண்கள் மட்டும் சிரித்தன. இப்படியும் ஒருவரால் சிரிக்க முடியுமா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

"இது கிழங்கு இல்ல," என்றாள் கடுப்பாக. "எருமை."

அவன் கிழங்கைப் பார்த்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்து மறுபடி பார்த்தான். "அட... ஆமா. எனக்கு இது பன்றிக்கறியோட அடுக்கி வேகவைக்கிற அடுக்குக்கறியா தெரிஞ்சுது. எத்தனை எருமை வேணும் உங்களுக்கு?"

"பன்னிரண்டு. பதினொண்ணு கிடைச்சிடுச்சு."

"அப்போ எடுத்துக்கோங்க. எருமையைக் குழம்பு வச்ச பாவம் எனக்கு எதுக்கு?"

கையை எடுத்துவிட்டான். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இழுத்துப் பிடித்திருந்த வேகத்தில் அவள் கிழங்கோடு பின்னால் சாய்ந்து தார்ப்பாய்க் கம்பில் இடிக்க, தார்ப்பாயில் தேங்கியிருந்த நீர் மொத்தமும் அவன் தலையில் கொட்டியது. கடைக்காரப் பெண்மணி சிரித்தார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகத்தை வழித்துக்கொண்டு, எருமை என்றால் சேற்றுக்குளியல் இல்லாமலா என்றான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று லான்பிங் நினைத்தாள். சரியான வாக்கியம் மனத்தில் அமைவதற்குள் மழை விட்டுவிட்டது. அவனும் போய்விட்டான்.

பேரைக்கூடக் கேட்கவில்லையே என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்தாள். கேட்டிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். 

*

ஷியே குலத்தில் பன்னிரண்டு வீடுகள். அறுவடை முடிந்தபின் வரும் இஃபான் விழாவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை கொண்டாடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வீடு பொறுப்பேற்கும். ஆக, ஒரு வீட்டுக்கு முறை வருவது முப்பத்தாறு வருடத்துக்கு ஒரு தடவை. இந்த வருடம் லான்பிங்கின் அப்பாவின் முறை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அடுத்த முறை வரும்போது தொண்ணூற்று நான்கு. இந்தக் கணக்கை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. லான்பிங்தான் நோட்டில் போட்டுப் பார்த்திருந்தாள்.

எதையும் எழுதி வைத்தால்தான் அவளுக்குத் தைரியம். மறந்துவிடுவோமோ, தப்பாகிவிடுமோ என்ற பயம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் விழா நெருங்க நெருங்க வீடு முழுக்கச் சீட்டுகள் ஒட்டினாள். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு வரி. முதல் வரியில் என்ன பொருள், இரண்டாவது வரியில் யாருக்கு. "நெற்கதிர், நீளமானவை. பூசை மேடைக்கு." "ஒன்பதாம் மாதம் ஊற்றிய மது. பெரியப்பா கேட்டால் மட்டும்." "புளித்த மீன் சாடி. யாரும் தொடக் கூடாது."

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு சமையல்காரர் வந்து இறங்கினார். பான் குலத்துக்காரர், ஆற்றுக்கு அந்தப் பக்கம், லியூசௌ நகரத்து உணவகம் ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், கை மணம் பிரமாதம் என்று அப்பா சொல்லியிருந்தார். அண்டா குண்டாக்களோடு மோட்டார் வண்டியிலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் லான்பிங் கையிலிருந்த பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எருமைக்காரம்மா," என்றான் அவன். கண்கள் சிரித்தன.

பெயர் தேஷெங். அவளாகக் கேட்கவில்லை, அப்பா சொன்னார்.

அந்த இரண்டு நாளும் அவன் சமையற்கட்டில், அவள் முற்றத்தில். இடையில் ஒரே ஒரு வாசல். எத்தனை முறை அந்த வாசலைக் கடந்தாள் என்று லான்பிங் எண்ணவில்லை. எதையும் எண்ணுகிற பெண் இதை மட்டும் எண்ணாமல் விட்டதே போதும். அவன் அவளுடைய சீட்டுகளை எல்லாம் உரக்கப் படிப்பான். எதிர்த்துப் பேசாமல் அதன்படியே நடப்பான். உப்புச் சாடியில் "சிறிது" என்று எழுதியிருந்ததற்கு மட்டும், சிறிது என்றால் எத்தனை விரல் என்று ஆள் விட்டுக் கேட்டான். கடைசியில் விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் நின்று கேட்டான்.

"சாடிக்கெல்லாம் சீட்டு இருக்கு. எனக்கு ஒண்ணும் எழுதலையா?"

"நீங்க என்ன, சாடியா?"

"இல்லதான். இருந்தாலும் நான் எதுக்கு, யாருக்குன்னு யாராவது எழுதி ஒட்டினா நிம்மதியா இருக்கும்."

காது சூடானது அவளுக்கு. சமையல்காரரே, அடுப்பைப் பாருங்க என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனாள்.

அன்று பகலெல்லாம் உட்கார்ந்து விலங்குகளைச் செதுக்கி முடித்திருந்தாள். சர்க்கரைவள்ளியில் மாடுகள் பன்னிரண்டு, சேப்பங்கிழங்கில் எருமைகள் பன்னிரண்டு. வீட்டுக்கு ஒரு ஜோடி. பழங்கதையில் வரும் வெள்ளைக் குதிரைப் பெண் சிங்கத்தின் வாயிலிருந்து விதைநெல்லைப் பிடுங்கி வந்தபோது உழுவதற்கு மாடு இல்லை. அவள் கிழங்குகளை எடுத்துச் செதுக்கி, மூக்கில் ஊதினாள். அவை எழுந்து நடந்தன. அதனால்தான் இன்றைக்கும் செதுக்கியவரே ஒவ்வொன்றின் மூக்கிலும் ஊத வேண்டும். அதனால்தான், வேறு குலத்துக் கை அந்தக் கிழங்கைச் செதுக்கவும் கூடாது. ஷியே வீட்டுக்கு ஷியே கை. பான் வீட்டுக்குப் பான் கை. ஆற்றின் இரு கரையிலும் அதுதான் வழக்கம்.

மாடுகள் அப்படியே மேடைக்குப் போய்விட்டன. எருமைகளுக்குக் காலும் கொம்பும் காலையில்தான் பொருத்துவது வழக்கம். தோல் சீவிய கிழங்கு கறுத்துப் போகாமல் இருக்க முற்றத்தில் ஒரு மண்தொட்டியில் தண்ணீர் ஊற்றி அவற்றைப் போட்டிருந்தாள். இருட்டும் நேரத்தில் பெரியப்பா வீட்டு நாய் அதில் மூக்கை விட்டது. பதறிப்போய் பன்னிரண்டையும் அள்ளிக்கொண்டு, சமையற்கட்டு ஓரத்தில் காலியாகக் கிடந்த மூடி போட்ட கல்தொட்டிக்கு மாற்றித் தண்ணீர் நிரப்பினாள். பிறகு அம்மா கூப்பிட்டார், நெற்கதிர்களைக் கட்டப் போனாள்.

நோட்டில் எழுதவில்லை. முதல் முறையாக, ஒரே ஒரு முறை, எழுதவில்லை.

*

காலை ஒன்பது மணிக்குக் கால்களுக்கான மூங்கில் குச்சிகளை எடுத்துக்கொண்டு கல்தொட்டியைத் திறந்தாள். வெறும் தண்ணீர்.

வாணலியில் எண்ணெய் பொரியும் சத்தம். பெரிய தட்டு நிறையச் செவ்வகமாக நறுக்கிய கிழங்குத் துண்டுகள், பாதி பொன்னிறமாகப் பொரிந்து, பாதி வரிசையில் காத்துக்கொண்டு. தேஷெங் பலகையின் முன்னால் கத்தியோடு அசையாமல் நின்றிருந்தான். அவன் இடது கையில் ஒரே ஒரு கிழங்கு முழுதாக இருந்தது. தோளில் மேடு... வளைந்து இறங்கும் முதுகு. சந்தையில் அவள் கையிலிருந்து அவன் விட்டுக்கொடுத்த அதே கிழங்கு.

"இதை வெட்டப் போகும்போதுதான் தெரிஞ்சுது," என்றான் மெல்ல. "மத்ததெல்லாம்..."

காலும் கொம்பும் இல்லாத எருமை வெறும் உரித்த கிழங்குதான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் தெரியவில்லை. அவளுடைய குரல் அவளுக்கே அடையாளம் தெரியாதபடி வெளியே வந்தது. கண் இல்லையா உங்களுக்கு என்று கேட்டாள். முப்பத்தாறு வருஷம் காத்திருந்த அப்பாவுக்கு இதுதானா விருந்து என்று கேட்டாள். சத்தம் கேட்டு அப்பா வந்தார், அம்மா வந்தார், பெரியப்பா வந்தார், அத்தைமார் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியப்பா பேசினால் ஊரே கேட்கும். பான் குலத்து ஆளைச் சமையலுக்குக் கூப்பிடாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், இப்போது பதினோரு வீட்டு எருமையை எண்ணெயில் போட்டுவிட்டான் என்றார். எருமை வராத வீட்டில் அடுத்த மூன்று வருடத்துக்கு எது விளங்கும் என்று கேட்டார்.

அப்பா தேஷெங்கின் பக்கம் திரும்பினார். தம்பி, என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார்.

தேஷெங் அவளை ஒரு கணம் பார்த்தான். சிரிப்பு இல்லாத அந்தக் கண்களை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். பிறகு அவன் திரும்பிச் சுவர்ப்பக்கம் ஏதோ கை நீட்டியது போல இருந்தது. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"என் தப்புதான் ஐயா. சரியா பாக்காம எடுத்துட்டேன்."

மிச்சமிருந்த கிழங்கை அவள் கையில் வைத்தான். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மோட்டார் வண்டியின் சத்தம் கேட்டது. மழை தூறத் தொடங்கியிருந்தது.

ஓடிட்டான் என்றார் பெரியப்பா.

பன்னிரண்டு வீட்டுப் பெரிய கிழங்குகளும் நேற்றே விருந்துக்கு வந்து தீர்ந்திருந்தன. சந்தை நாளை மறுநாள். முகமூடி அணிந்த பூசகர்கள் குல மண்டபத்தில் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். மாடு கூப்பிடும் பாட்டு நண்பகலில் வரும், அதற்குள் எருமைகள் மேடையில் இருக்க வேண்டும். லான்பிங் ஒற்றை எருமையோடு தரையில் குழித்த அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தரைக்குள் நிலக்கரி சிவந்து கனன்றது. அவளுக்குக் குளிரெடுத்தது. அழுகை வரவில்லை. அழ நேரம் ஒதுக்கவில்லை என்றுகூடத் தோன்றியது... அவ்வளவு மடத்தனமாக மனம் ஓடியது.

பத்தேகாலுக்கு மறுபடி வண்டிச் சத்தம்.

உச்சி முதல் பாதம் வரை சேறும் மழையுமாக அவன் நின்றான். தோளில் கோணி. அதைக் கவிழ்த்தான். பெரிய பெரிய சேப்பங்கிழங்குகள் தரையில் உருண்டன.

"எங்க வீட்டு மண்குழியில மூடி வச்சிருந்தது. எங்க விழாவுக்குன்னு அம்மா எடுத்து வச்சது." மூச்சு வாங்கினான். "எங்க விழாவுக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. நான் தோல் சீவுறேன், கழுவுறேன். செதுக்க முடியாது, உங்களுக்கே தெரியும். எவ்வளவு நேரம் இருக்கு?"

லான்பிங் கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து இருபதுன்னு வச்சா... நூறு நிமிஷம். பதினொண்ணுக்கு... ஒண்ணுக்கு ஒன்பது நிமிஷம்."

"நேத்து ஒண்ணுக்கு எவ்வளவு ஆச்சு?"

"இருபது."

"சரி," என்றான், ஏதோ உப்பு போதும் என்று சொல்வதுபோல. "ஆரம்பிங்க."

*

முதல் எருமைக்குப் பதினாறு நிமிடம் ஆனது. அவளால் முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவன் எதுவும் சொல்லவில்லை. சீவிய கிழங்கை அவள் கைக்கு எட்டும் இடத்தில் முதுகு மேலே வரும்படி வைத்தான், அவ்வளவுதான். இரண்டாவதற்குப் பன்னிரண்டு. மூன்றாவதில் அவள் கண்ணால் அளப்பதை நிறுத்தினாள். கத்தி தானாக இறங்கியது. வயிறு, கழுத்து, மூக்கு... ஒரு ஊது. அம்மா வாங்கிக் காலும் கொம்பும் பொருத்தினார். மண்டபத்திலிருந்து பூசகர்களின் குரல் மழையினூடே ஏறி இறங்கியது. அதன் தாளத்துக்கே கை நடந்தது. நான்காவதற்கு எட்டு. ஐந்தாவதற்கு ஏழு.

ஏழாவது எருமையில் கை அரிக்கத் தொடங்கியது. பச்சைச் சேப்பங்கிழங்கின் பால் விரலிடுக்கெல்லாம் ஏறியிருந்தது. ஊசி ஊசியாகக் குத்தியது. கத்தி நழுவியது. ஒரு முறை... இன்னொரு முறை.

தேஷெங் கத்தியை வாங்கி ஓரமாக வைத்தான். கேட்காமலே அவள் இரண்டு கைகளையும் பிடித்து அடுப்பின் கனலுக்கு மேலே காட்டினான். கிட்டத்தில், ஆனால் சுடாத தூரத்தில். சமையல்காரனுக்குத்தான் தெரியும் அந்தத் தூரம்.

"ஒரு நிமிஷம் போகுது," என்றாள் அவள்.

"போகட்டும். இந்த ஒரு நிமிஷத்தை என் கணக்குல எழுதிக்கோங்க."

சூடு ஏற ஏற அரிப்பு அடங்கியது. வேறு ஏதோ ஒன்று அடங்க மறுத்தது. அவன் கைகள் முரடாக இருந்தன. பழைய தீக்காயத் தழும்புகள். அவனும் இந்தக் கிழங்கைத்தானே காலையிலிருந்து சீவுகிறான், அவனுக்கு அரிக்கவில்லையா என்று அப்போதுதான் தோன்றியது. பார்த்தாள். மணிக்கட்டு வரை சிவந்து தடித்திருந்தது.

"உங்களுக்கும்..."

"எனக்குப் பழக்கம்," என்றான். பொய். கண்கள் காட்டிக்கொடுத்தன.

பதினோராவது எருமை முடிந்தபோது பன்னிரண்டடிக்க நான்கு நிமிடம் இருந்தது. கடைசியாக அந்தச் சந்தைக் கிழங்கை எடுத்தாள். உடல் நேற்றே செதுக்கியது. காலையில் பலகையில் பட்டதில் மூக்கு மட்டும் மழுங்கியிருந்தது. இரண்டு கீறல் போட்டு நிமிர்ந்தாள். சீவல் துகள்கள் எருமையின் மூக்கில் ஒட்டியிருந்தன. அவன் குனிந்து... ஊதிவிட்டான்.

இருவரும் அப்படியே உறைந்தார்கள்.

"ஊதிட்டீங்களே," என்றாள் அவள். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"தூசின்னு... பழக்கத்துல..." முதன்முறையாக அவனுக்கு வார்த்தை தடுமாறியது. பிறகு அந்தக் கண்களின் ஓரம் மெல்லச் சுருங்கியது. "வேற குலத்துக் கை செதுக்கக் கூடாதுன்னுதான் வழக்கம். மூச்சு படக் கூடாதுன்னு யாரும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். இன்றைக்குச் சிரிப்போம் என்று நினைத்தே பார்க்கவில்லை. பிறகு அதே எருமையின் மூக்கில், அதே இடத்தில், தன் பங்குக்கு மெல்ல ஊதினாள்.

*

எருமைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அம்மா ஓடினார். தேஷெங் அடுக்குக்கறியைப் பார்க்க அடுப்படிக்குப் போனான். லான்பிங் கை துடைக்கத் துணி தேடினாள். ஆணியில் அவனுடைய ஏப்ரன் ஈரமாகத் தொங்கியது. அடுப்புப் பக்கம் காயப் போடலாம் என்று எடுத்தபோது பையிலிருந்து கசங்கிய ஒரு தாள் விழுந்தது. நான்கு மூலையிலும் பசை. சுவரிலிருந்து பிய்த்தது.

"கல்தொட்டியில் உள்ள கிழங்கு. சமையலுக்கு."

அவளுடைய கையெழுத்து.

நின்ற இடத்திலேயே அவள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள். முந்தின நாள் காலை சமையல் கிழங்கைத் தொட்டியில் போட்டது. சீட்டு எழுதியது. மாலையில் அது தீர்ந்தது. நாய். மாற்றியது. எழுதாமல் விட்டது. அவன் சீட்டைப் படித்தான், அதன்படி நடந்தான். எப்போதும்போல. அத்தனை பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோது அவன் சுவரில் கை நீட்டியது இதைப் பிய்க்கத்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விரலைச் சுவர்ப்பக்கம் நீட்டியிருந்தால்கூடப் போதும்.

மண்டபத்தில் மேளம் உச்சத்துக்குப் போனது. மாடு கூப்பிடும் பாட்டு. அவள் ஓடிப்போய் ஓரமாக நின்றாள். மேடையில் நெற்கதிர்கள் பொன்னாகத் தொங்கின. அவற்றின் கீழே பன்னிரண்டு மாடுகள், பன்னிரண்டு எருமைகள். அவசரத்தில் செதுக்கியவை. ஒன்றின் கழுத்து சற்று நீளம், ஒன்றின் வயிறு சரிவு. ஆனால்... நேற்றைய எருமைகள் நின்றிருந்தன. இன்றைய எருமைகள் நடந்துகொண்டிருந்தன. அவள் தன்னையே நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள். ஆமாம், நடந்தன. சிவப்பு முகமூடிப் பூசகர் பாட்டை நிறுத்தாமலே குனிந்து பார்த்துவிட்டு, இவை உழப் போகும் அவசரத்தில் இருக்கின்றன என்று ஒரு வரியைச் சேர்த்துப் பாடினார். கூட்டம் ஆரவாரித்தது. அப்பா அழுதார். மழைத்துளி என்று துடைத்துக்கொண்டார், கூரைக்கு அடியில் நின்றுகொண்டு.

ஒவ்வொரு வீடாக வந்து ஜோடியை வாங்கிப் போனது. பொறுப்பேற்ற வீட்டுக்குக் கடைசி ஜோடி. பன்னிரண்டாவது எருமை அப்பாவின் கைக்கு வந்தது.

பிறகு விருந்து. அடுக்குக்கறி வாயில் கரைந்தது. பொரித்த எருமையா என்று ஒரு சித்தப்பா கேட்க, எல்லோரும் சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டுக் கேட்டார்கள். விருந்தில் சமையல்காரருக்குத்தான் முதல் கிண்ணம் மது ஊற்றுவது வழக்கம். பெரியப்பா சாடியோடு எழுந்தார். பூசகர்களுக்கு ஊற்றினார். அப்பாவுக்கு ஊற்றினார். வாசலோரம் நின்றிருந்த தேஷெங்கைத் தாண்டிப் போனார், அங்கே யாருமே இல்லாததுபோல. தேஷெங் ஏதும் நடக்காததுபோலக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

லான்பிங் எழுந்தாள்.

அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளாமல் அவள் எதுவுமே பேசியதில்லை. கையில் ஒரு சீட்டு இருந்தது, ஆனால் அதில் எழுதியிருந்தது வேறு. பெரியப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"பெரியப்பா, சாடியைக் கொடுங்க."

"எதுக்கும்மா?"

"முதல் கிண்ணத்தை நான் ஊத்தணும்." குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "தப்பு அவரோடது இல்ல. என்னோடது. நான்தான் எருமையை எடம் மாத்தினேன். நான் எழுதி ஒட்டின சீட்டைப் படிச்சுத்தான் அவர் எடுத்தார். இதோ, என் கையெழுத்து. நான் அவ்வளவு பேர் முன்னாடி அவரைத் திட்டினேன். இதைக் காட்டியிருந்தா என்னால தலை நிமிர முடிஞ்சிருக்காது. காட்டாம பிச்சு வச்சுக்கிட்டார். அப்புறம் அவங்க வீட்டுக் கிழங்கைக் கொண்டாந்து கொடுத்தார்."

எண்பது பேர் இருந்த மண்டபத்தில் கரி வெடிக்கும் சத்தம் கேட்டது.

பெரியப்பா சீட்டை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார். கிட்டத்தில் பிடித்துப் படித்தார். பிறகு சாடியை அவளிடம் கொடுக்காமல் தானே தேஷெங்கின் முன்னால் போய், கிண்ணம் வழிய வழிய ஊற்றினார். பான் குலத்துத் தம்பி, குடி என்றார். அவன் குடித்து முடித்ததும் இரண்டாவதையும் ஊற்றினார். அது என் வாய்க்கு அபராதம் என்று சொல்லி அதைத் தானே குடித்துவிட்டார். மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்கத் தொடங்கினார்கள்.

அவ்வளவு சத்தத்திலும் தேஷெங் அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் சிரித்தன. இந்த முறை வாயும் சேர்ந்து சிரித்தது.

*

மழை ஓய்ந்து, பாறைக் குன்றுகளின் இடுக்கில் மாலை வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அவன் அண்டாக்களை வண்டியில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். லான்பிங் காய்ந்த ஏப்ரனை மடித்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சொல்லியிருக்க வேண்டாம்," என்றான் கயிற்றை இழுத்தபடி.

"நீங்க சொல்லாம இருந்திருக்க வேண்டாம்."

அவன் சிரித்தான். முடிச்சுப் போட்டான். அவனுடைய அம்மா அறுவடைக் களத்தில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டதைச் சொன்னான். அக்கா தங்கை யாரும் இல்லை என்றான்.

"இருபது நாள்ல எங்க விழா. கிழங்கு வாங்கிடலாம். ஆனா எருமை செதுக்க எங்க வீட்ல கை இல்ல."

லான்பிங்குக்கு உடனே கணக்கு ஓடியது. எத்தனை வீடு, எத்தனை கிழங்கு, எந்தச் சந்தை நாள்... கேட்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள்.

"ஆனா... வேற குலத்துக் கை செதுக்கக் கூடாதே."

"தெரியும்."

அவன் நிமிரவில்லை. ஏற்கெனவே போட்ட முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது.

"அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன்."

அவள் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். தப்பாகக் கேட்டோமோ? இல்லை. வேறு அர்த்தம் இருக்குமோ? இல்லை. மூன்றாவது முறை பார்க்கத் தேவையே இல்லாமல் நெஞ்சு மேளக்காரர்களை விட வேகமாக அடித்துச் சொல்லிவிட்டது.

"எனக்கு அடிக்கடி தப்பு நடக்கும்," என்றாள். "எழுதி வச்சாலும் நடக்கும்."

"அதைத்தான் இன்னைக்குச் சாப்பிட்டாங்க. ரெண்டாவது தட்டு கேட்டாங்க."

அவள் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். ஒரு துண்டுச் சீட்டை வண்டி இருக்கையில் வைத்து இரண்டு வரி எழுதினாள். நாளைக்கே அம்மாவை வந்து பேசச் சொல்லுங்க, அப்பா காலையில வீட்லதான் இருப்பார் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு கிட்டத்தில் வந்து, ஈரம் காயாத அவன் சட்டையில், இதயம் இருக்கும் பக்கத்தில், அந்தச் சீட்டை ஊசியால் குத்தினாள்.

அவன் குனிந்து, தலைகீழாகத் தெரிந்த எழுத்தை மெல்லக் கூட்டிப் படித்தான்.

"பான் தேஷெங். லான்பிங்குக்கு. வேறு யாரும் தொடக் கூடாது."